மீன் வாடைக்குப் பத்து டிகிரி

கலிபோர்னியாவின் டப்ளினில் பசுபதி தன் வீட்டு முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டுக் கொல்லைப்பக்கத்துக் கதவை வாசலாக்கிக்கொண்டபோது, மனுஷன் வாஸ்து பார்த்திருக்கிறார் என்றுதான் தெருவே நினைத்தது. வாஸ்துவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கொல்லைக்கதவு முன்கதவைவிட நாற்பதடி வடக்கே இருந்தது, அவ்வளவுதான். நாற்பதடி வடக்கே நகர்ந்தால் உலக வடகோடித் தமிழர் பேரவையின் சாப்பாட்டு வரிசையில் ஏழு பேரை முந்தலாம்.

இந்தப் பேரவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். வயிற்றெரிச்சல், சொன்னால்தான் ஆறும். பழமையான சங்கம் என்ற பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டார். பெரிய சங்கம் என்பதை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனார். மிச்சம் இருந்தது திசைதான். முனைவர் கிட்டுசாமி வடக்கை எடுத்துக்கொண்டார். எதில் முனைவர் என்று கேட்டால் “தமிழுணர்வுல” என்பார். உலகத்திலேயே வடகோடியில் இருக்கும் தமிழ் அமைப்பு தம்முடையதுதான் என்று மில்பிடாஸில் ஓர் இட்லிக் கடையின் பின்னறையில் வைத்து அவர் அறிவித்தார். சியாட்டிலும் டொராண்டோவும் இதைவிட வடக்கே இருக்கின்றனவே என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் உறுப்பினர்கள் அல்ல. உறுப்பினர் அல்லாதவர்களின் கேள்வியைக் குறிப்பில் ஏற்ற விதியில் இடமில்லை.

பேரவையில் ஒருவருக்கு மதிப்பு அவர் வீட்டு வாசற்படியின் அட்சரேகையை வைத்துத்தான். டாக்டர், இன்ஜினியர், வியாபாரி என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. முகவரியைத் தட்டினால் உறுப்பினர்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசை போடும் புரோகிராம் ஒன்றைப் பசுபதி எழுதிக் கொடுத்திருந்தார். முதல் பெயருக்குத் தலைவர் நாற்காலி, ஏழாம் விதி. இதற்காகவே கிட்டுசாமி மில்பிடாஸிலிருந்து வீட்டை விற்று டப்ளினுக்கு வந்தார். அவருக்கு அடுத்து மற்ற டப்ளின்காரர்கள், பிறகு ஃப்ரீமாண்ட், பிறகு மில்பிடாஸ். டெக்சாஸ் கிளைக்காரர்கள் சுகர் லேண்டிலிருந்து விமானம் ஏறி வருவார்கள், பாவம். அவர்கள் முறை வரும்போது ஊறுகாயும் தலைவர் உரையும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு வருஷம் அந்தச் சுகர் லேண்ட் செழியன் ஒரு வாதம் கிளப்பினார். தங்கள் ஊர்க் கடிகாரம் கலிபோர்னியாவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆகவே முதல் பொங்கல் தங்களுடையதே என்றார். சொன்னதோடு நிற்காமல் கருக்கலிலேயே எழுந்து பானையைப் பொங்கவைத்துப் போட்டோவும் அனுப்பிவிட்டார். கிட்டுசாமி கொதித்துப்போய்ப் பதினோராம் விதியைக் கொண்டுவந்தார். தலைவரின் வீட்டு வாசலில், சூரியன் உதிப்பதைக் கண்ணால் கண்ட பிறகே பேரவைப் பொங்கல் பொங்கவேண்டும். நிர்வாகிகள் எல்லோரும் நேரில் இருக்கவேண்டும். பானை பொங்குவதற்கு முன் இடத்தைவிட்டுப் போகிறவர் பதவியும் பட்டமும் இழப்பார். இந்த விதியை நீங்கள் மறந்துவிடாதீர்கள். ஞானமணி மறக்கவில்லை.

ஞானமணிக்கு அறுபத்தொரு வயது. டப்ளினில் மகள் தர்சனா வீட்டில் கணவர் மரியதாசனோடு இருந்தார். தினமும் 680 ஃப்ரீவேயில் மில்பிடாஸ் போய், சர்க்யூட் போர்டு செய்யும் ஃபேக்டரியில் குற்றம் பார்க்கிற வேலை. போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து, எங்கே ஈயம் ஒட்டவில்லை என்று சொல்லவேண்டும். அதற்கு முன்னும் அவர் பார்த்தது குற்றம் பார்க்கிற வேலைதான். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி அவரும் கணவரும் போய்ச் சேர்ந்தது நார்வேயின் வடக்கு நுனி, பின்மார்க். எழுபது புள்ளி ஆறு டிகிரி. அங்கே ஒரு மீன் ஃபேக்டரியில், அடியில் விளக்கு எரியும் மேசையில் மீன் துண்டை விரித்து முள் பார்ப்பார்.

ஷிப்ட் முடிந்ததும் கன்டீன் மேசையைத் துடைத்துவிட்டு, அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு வருஷம். ஃபேக்டரியில் வேண்டாமென்று தூக்கிப்போட்ட நீல அட்டை நோட்டு ஒன்றில் பிள்ளைகளின் பெயரெழுதி வரவு வைத்தார். யாழ்ப்பாணத்து வழக்கப்படி அதை இடாப்பு என்பார். ஊரைவிட்டு ஓடி வந்ததில் கல்யாணப் படம்கூட மிஞ்சவில்லை. நான் இதைச் செய்தேன் என்று கையில் எடுத்துக் காட்ட அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு நோட்டுத்தான்.

மகளும் மருமகனும் கூப்பிட்டார்களே என்று பேரவையின் பொங்கல் விழாவுக்குப் போனார். மேடையில் கிட்டுசாமி, போன ஜூலையில் தாம் நார்வே பக்கம் உல்லாசக் கப்பலில் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எழுபத்தோராவது டிகிரில நான் நின்னேன். மேல வானம். கீழ கடல். அங்க தமிழ் இல்ல! நான் வாயைத் திறந்தேன். தமிழ் வந்துச்சு! வடதுருவத்துல கேட்ட முதல் தமிழ்க்குரல் இந்தக் குரல்தான்னு பணிவோட சொல்லிக்கிறேன்.”

கைதட்டல் ஓயவே இல்லை. பணிவு தாங்காமல் அவருக்கு நான்கு பொன்னாடை போர்த்தினார்கள். ஞானமணிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கைதட்டல் அடங்கியதும் மேடையோரம் போய் நின்றார்.

“ஐயா, அங்க தமிழ் இருந்தது. நாங்கள் கனபேர் இருந்தனாங்கள். நான் பள்ளிக்கூடமே நடத்தினனான்.”

“அப்படிங்களா? எந்த இடத்துல மேடம்?”

“மீன் ஃபக்டரியில.”

கிட்டுசாமி அரையடி பின்வாங்கினார். பக்கத்தில் நின்ற ஜலஜா, பேரவையின் செயலாளர், அட்சரேகை உபகுழுவுக்கும் அவர்தான் தலைவி, சிரித்தபடி குறுக்கே வந்தார்.

“க்ளெய்ம் இருந்தா அப்ளை பண்ணுங்க ஆன்ட்டி. ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரிஜினல் ஏதாவது இருந்தா குடுங்க, ஸ்கேன் பண்ணிட்டு உடனே திருப்பிக் குடுத்துடறோம்.”

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கேள்வி. பள்ளி நடந்த இடத்தில் குளிர் இருந்ததா? இருந்தது எனில் இரத்த உறவில்லாத சாட்சிகள் இருவர் யார்? பனிக்கரடிகளின் நடமாட்டம் உண்டா? உண்டு எனில் அவற்றால் ஆட்சேபணை எழவில்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கவும். ஞானமணி ஒவ்வொன்றுக்கும் அழகான கையெழுத்தில் பொறுமையாகப் பதில் எழுதினார். எங்கட பக்கம் கரடி இல்லை, கடற்பறவைகள்தான், அவை தங்கள் பாட்டில் போகும் என்று எழுதினார். விடுமுறை நாட்கள் எவை என்பது முப்பத்தெட்டாவது கேள்வி. அதற்கு இப்படி எழுதினார்: ‘நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி கடைசி மட்டும் அங்கே சூரியன் உதிக்காது. தைப்பொங்கலன்றும் இருட்டுத்தான். சூரியன் திரும்பி வருகிற நாளில் வகுப்புக்கு லீவு விட்டு, பிள்ளைகளோடு அன்றைக்குத்தான் பொங்குவோம்.’

விண்ணப்பத்தோடு இடாப்பையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். மரியதாசன் வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்டால்தானே.

நேர்காணலுக்கு மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் கிட்டுசாமி, ஜலஜா, பசுபதி மூவரும் வடக்கு முகமாக உட்கார்ந்திருந்தார்கள். அதனால் தெற்கே உட்காரவைக்கப்பட்ட ஞானமணிக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. கிட்டுசாமி சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“முப்பத்தெட்டாவது பதில்ல சூரியன் உதிக்காதுன்னு எழுதியிருக்கீங்களே?”

“ஓம் ஐயா. ரெண்டு மாசம் உதிக்காது.”

“மேடம், நான் நேர்ல போய்ப் பார்த்தவன். ஜூலைல பத்து நாள் இருந்தேன். அங்க சூரியன் மறையறதே இல்ல! ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெயில்ல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். மறையவே மறையாத சூரியன் எப்படிங்க உதிக்காமப் போகும்?”

“அது கோடையில. மாரியில வேற மாதிரி.”

“பசுபதி, நோட் பண்ணிக்குங்க. ஒரே ஊருக்கு ரெண்டு விதமா சொல்றாங்க.”

“நல்ல பாயிண்ட் சார்” என்றார் பசுபதி. கிட்டுசாமி கப்பலில் போனதைத் தவிர அந்த மூவரில் யாரும் அடுத்த ஊரான சான் ரமோனைத் தாண்டி வடக்கே போனதில்லை.

தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது. தர்சனா வாசித்துக் காட்டினாள். பள்ளியின் அட்சரேகை எழுபது புள்ளி ஆறு என்பதைக் குழு பரிவோடு ஏற்கிறது. எனினும் மீன் வாடைக்குப் பத்து டிகிரி கழிக்கப்படுகிறது. அசைவ வளாகம் என்பதற்கு எட்டு டிகிரி. ஆசிரியை முறையான பட்டம் பெறாதவர் என்பதற்கு ஒன்பது. அந்த நாட்டில் தற்காலிக அனுமதியில் இருந்தவர் என்பதற்கு ஆறு. ஆகவே பள்ளியின் நிகர அட்சரேகை முப்பத்தேழு புள்ளி ஆறு. இது தலைவரின் வாசற்படியைவிடப் புள்ளி ஒன்று குறைவு. தவிர, சூரியன் உதிக்காத ஊர் என்று ஒன்று இயற்கையில் இருக்க இயலாது எனக் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. ஒப்பம், கிட்டுசாமி.

“முப்பத்தேழு புள்ளி ஆறு எண்டால் எது?” என்று கேட்டார் ஞானமணி.

தர்சனா போனில் தேடிப் பார்த்தாள். “சுனோல் அம்மா. நீங்க வேலைக்குப் போற வழி. அந்த ஏத்தத்துல டிராஃபிக் நிக்குமே, அந்த இடம்.”

“பதினொரு வருசம் நான் சுனோல்ல படிப்பிச்சிருக்கிறன்” என்றார் ஞானமணி. அப்புறம் போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினார்.

அதோடு விட்டிருந்தால்கூட அவர் பேசாமல் இருந்திருப்பார், அவர் சுபாவம் அப்படி. இடாப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான்கு முறை போன் செய்தார். ஸ்கேன் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். ஆகஸ்டில் பேரவை ஒரு கண்காட்சி வைத்தது. இருநூறு உளுந்து வடை சுட்டுத் தரமுடியுமா ஆன்ட்டி என்று ஜலஜாதான் கேட்டார். வடையோடு வருகிறேன், நோட்டை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஞானமணி விடிய எழுந்து சுட்டார்.

மண்டபத்து நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்புப் பட்டின்மேல் நீல அட்டை நோட்டு. பக்கத்தில் அச்சடித்த அட்டை: ‘தொன்மையான வருகைப் பதிவேடு. பேரவைத் தலைவர் முனைவர் கிட்டுசாமி அவர்களின் வடதுருவப் பயணத்தின்போது அன்னாரால் கண்டெடுக்கப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியவில்லை.’

ஞானமணி வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டாவது முறை வாசித்தார். திறந்திருந்த பக்கத்தில், முதல் பெயர் ஷாந்தன். அதற்குப் பக்கத்திலேயே ஞானமணியின் கையெழுத்து.

“ஐயா, இது என்ர இடாப்பு. இது என்ர கையெழுத்து” என்றார். கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினார்.

கிட்டுசாமி அவரைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். “எமோஷனல் ஆகாதீங்க மேடம். பெரிய விஷயம்னா ஒரு பெரிய பேர் வேணும். உங்க பேரைப் போட்டா அது ஒரு மீன் ஃபேக்டரி நோட்டு. என் பேரைப் போட்டா வரலாறு. உங்களுக்குத் தமிழ் முக்கியமா, பேர் முக்கியமா?”

“ரெண்டும்தான்.”

“இதான் நம்மாளுங்க பிரச்சனை” என்று சொல்லிவிட்டு அவர் அந்த வடையில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு போனார்.

அந்த வடை அவருக்குச் செரித்திருக்கக் கூடாது. செரித்துத் தொலைத்தது, அதுதான் இந்த உலகம்.

மறுநாள் ஞானமணி பேரவையின் விதிப்புத்தகத்தை அச்செடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அறுபத்திரண்டு பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், போர்டு பார்க்கும் பூதக்கண்ணாடிக்குக் கீழேயே வைத்து வரிவரியாக வாசித்தார். முப்பத்தைந்து வருஷமாக முள்ளும் பிழையும் பார்த்த கண் அது. மூன்றாம் நாள் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஈயம் ஒட்டாத இடம் தெரிந்துவிட்டது.

உலகப் பேரவை என்று பெயர் வைத்ததால், உலகத்தில் எங்கிருக்கும் தமிழரும் உறுப்பினராகலாம் என்று மூன்றாம் விதி சொன்னது. மீன் வாடைக் கழிவு பள்ளிக்கூடம், விழா முதலிய நிகழ்வுகளுக்குத்தான். வீட்டு வாசற்படிக்குக் கழிவே இல்லை. தன் வாசற்படியில் யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று கிட்டுசாமி தம் கையாலேயே எழுதியது.

ஞானமணி பின்மார்க்குக்கு போன் போட்டார். இடாப்பில் முதல் பெயரான ஷாந்தன் இப்போது அதே ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வீடும் ஃபேக்டரிக்குப் பின்னால்தான்.

“ரீச்சர், இது என்ன விசர்க் கூட்டம், பைத்தியமோ?” என்றான் விஷயத்தைக் கேட்டுவிட்டு.

“விசர்க் கூட்டம்தான் ராசா. நீ சேர்.”

அக்டோபரில் பொதுக்குழு. டெக்சாஸ்காரர்கள் வழக்கம்போலக் கடைசி வரிசையில். சுகர் லேண்ட் செழியன், இந்த முறையாவது சாம்பார் மிஞ்ச வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கிட்டுசாமி எழுந்தார்.

“செழியன் மேல எனக்குப் பாசம் உண்டு. ஆனா விதின்னா விதி! நான் தலைவரா இருக்கறது என் திறமையால இல்ல, படிப்பால இல்ல, தமிழால இல்லவே இல்ல. என் வாசற்படியால! நாளைக்கே என் வாசற்படிக்கு வடக்க இன்னொரு தமிழன் வந்து நின்னா, இந்த நாற்காலிய நானே தொடச்சு அவன்கிட்டக் குடுப்பேன். பெத்த தாய் வந்து அழுதாலும் விதி மாறாது. பசுபதி, லிஸ்ட்டைப் போடுங்க!”

பசுபதி பொத்தானைத் தட்டினார். திரையில் வரிசை வந்தது. முதல் பெயர், ஷாந்தன், எழுபது புள்ளி ஆறு. இரண்டாவது, கிட்டுசாமி, முப்பத்தேழு புள்ளி ஏழு.

பசுபதி மறுபடி தட்டினார். மறுபடியும் அதுதான் வந்தது.

“சாஃப்ட்வேர்ல ஏதோ பக்” என்றார் கிட்டுசாமி.

“என் சாஃப்ட்வேர்ல பக் கிடையாது சார்” என்றார் பசுபதி. வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைவரை அவர் எதிர்த்தார். வாசலைப் பெயர்த்த ஆத்திரம் அவருக்கும் இருந்திருக்கும்.

கடைசி வரிசையிலிருந்து செழியன் எழுந்து நின்று கத்தினார். “விதின்னா விதி!” டெக்சாஸ் கிளை முழுக்க எழுந்தது. இத்தனை வருஷ ஊறுகாய் அந்தச் சத்தத்தில் இருந்தது. திரையில் ஜூம் திறந்தது. வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத் தொப்பியுமாக ஷாந்தன்.

“எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விசயம்தான். இடாப்பு இண்டைக்கே ரீச்சற்ற கையில போகவேணும். அட்சரேகைக் குழுவுக்கு இனி ரீச்சர்தான் தலைவி. மற்றது, பதினோராம் விதிப்படி பொங்கல் என்ர வீட்டு வாசல்ல. நிர்வாகிகள் எல்லாரும் கட்டாயம் வாங்கோ. கம்பளிச் சொக்ஸ் கொண்டுவாங்கோ.”

ஜலஜா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஞானமணி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை.

இப்போது துணைத் தலைவராக இறங்கிவிட்ட கிட்டுசாமி ராஜினாமா செய்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிப் போவார்? ‘வடகோடிச் செம்மல்’ என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தார். காரின் நம்பர் பிளேட்டே வடக்கு என்று வாங்கியிருந்தார். பதவி போனாலும் பட்டம் நிற்க வேண்டுமென்றால் போய்த்தான் தீரவேண்டும். கிட்டுசாமி, ஜலஜா, பசுபதி மூவரும் ஜனவரி பதின்மூன்றாம் தேதி பின்மார்க்கில் போய் இறங்கினார்கள். உபகுழுத் தலைவி நிர்வாகி ஆகமாட்டார் என்று விதி சொன்னதால் டப்ளினிலேயே இருந்த ஞானமணி இடாப்பைத் திறந்து, இருபத்துமூன்று பெயருக்குக் கீழே, இருபத்துநான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று அந்த மூன்று பேரையும் பென்சிலால் எழுதினார்.

பதினான்காம் தேதி காலை ஞானமணி டப்ளின் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் கிட்டுசாமி வந்தார். உரோமத் தொப்பிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் கும்மிருட்டு.

“மேடம்! இங்க சாயங்காலமே ஆயிருச்சு. சூரியன் வரவே இல்ல!”

“ஓம். வராது.”

“வராதுன்னா?”

“முப்பத்தெட்டாவது பதில்ல எழுதினனான் ஐயா. வாசிக்கேல்லையோ?”

கிட்டுசாமி குழைந்தார். இங்கே சூரியன் உதிப்பதில்லை என்று அட்சரேகைக் குழு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், விலக்குப் பெற்றுக் கிளம்பிவிடலாம் என்றார்.

“தரலாம்தான். ஆனா குழுவின்ர பழைய தீர்மானம் ஒண்டு இருக்கே. சூரியன் உதிக்காத ஊர் எண்டு ஒண்டு இயற்கையில இருக்க ஏலாதாம். நீங்கள் ஒப்பம் வச்சது. விதி எண்டால் விதிதானே, ஐயா.”

அன்றிலிருந்து தினமும் இதே நேரத்தில் ஞானமணி இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஃபேக்டரி கன்டீனில், பழைய வகுப்பு நடந்த அதே மேசையில் மூவரும் வெள்ளைக் கோட்டும் வலைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“கிட்டுசாமி?”

“உள்ளேன் அம்மா.”

இடாப்பின் கட்டத்தில் பென்சிலால் ஒரு குறி. சைவரான கிட்டுசாமிக்கு அங்கே உருளைக்கிழங்குதான் கிடைத்தது. ஆறாம் நாள், உருளைக்கிழங்கிலும் மீன் வாசனை வருகிறது என்று அழுதார். எட்டாம் நாள் பசுபதி, வடக்கே இருப்பது ஒரு சிறப்பா என்ன என்று தத்துவம் பேச ஆரம்பித்தார். பத்தாம் நாள் ஜலஜா முள் பார்க்கும் மேசையில் வேலை பழகிக்கொண்டார். ஷாந்தன் அவரைக் கெட்டிக்காரி என்றான்.

மரியதாசனுக்கு மனசு கேட்கவில்லை. “போதுமப்பா ஞானம். பாவம் அந்த மனிசர்.”

“பாவம்தான்” என்றார் ஞானமணி. “எழுதியவர் பெயர் தெரியவில்லை எண்டு எழுதேக்க அவருக்கு ஆரும் பாவமாத் தெரியேல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.”

அந்த ஊரைச் சுற்றி மலை. சூரியன் திரும்பி வந்தாலும் மலைக்குமேல் தலைகாட்ட இன்னும் சில நாள் பிடிக்கும். இருபத்தாறாம் தேதி வந்தது. மலை விளிம்பில் நகக்கண் அளவு வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதை, டப்ளினில் பின்னிரவில் விழித்திருந்து ஞானமணியும் வீடியோவில் பார்த்தார். ஒரு நிமிஷம் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அந்த வெளிச்சத்துக்காக இருபத்துமூன்று பிள்ளைகள் கன்டீன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன.

கீழே பானை பொங்கியது. “பொங்கலோ பொங்கல்!” என்று கிட்டுசாமி தேம்பித் தேம்பிக் கத்தினார். ஷாந்தனின் வீட்டு வாசலில் அடித்த காற்றில் அடுப்பு நான்கு முறை அணைந்துபோனதால், பானையைக் கன்டீனுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

“அம்மா, பொங்கிருச்சு! சூரியனைக் கண்ணால பார்த்துட்டோம்! அப்ரூவ் பண்ணிருங்கம்மா, மதியம் ஃப்ளைட்.”

ஞானமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். அது அவருக்கு வந்த தீர்ப்பு.

“எங்க பொங்கினனீங்கள்?”

“கன்டீன்லம்மா. வேற வழி?”

“அங்க மீன் வாடை வருமே. பத்து டிகிரி கழியும். அசைவ வளாகம், எட்டு. பொங்கினது ஆர், நீங்களோ? பொங்கலுக்கு முறையான பட்டம் ஏதும் இருக்கோ? இல்லை. ஒன்பது. நீங்கள் அங்க இருக்கிறது விசிட்டர் அனுமதியில. தற்காலிகம். ஆறு.” பென்சிலால் கூட்டிக் கழித்தார். “நிகர அட்சரேகை முப்பத்தேழு புள்ளி ஆறு. சுனோல்.”

“அம்மா...”

“அந்தக் கணக்குப்படி நீங்கள் பொங்கினது 680 ஃப்ரீவேயில, அந்த ஏத்தத்தில. ஷாந்தன்ர வாசல்ல இல்லை. விதி நிறைவேறேல்லை, ஐயா. கணக்கு என்ர இல்லை, உங்கட. நான் திருத்தினா மரியாதையில்லை.”

கிட்டுசாமி கன்டீன் ஜன்னலைப் பார்த்தார். மேலே வானம், கீழே கடல், நடுவில் அவர். கடைசியில் ஒரு வழியாகக் கேட்டார். “அப்ப... நாங்க கிளம்பலாமாம்மா?”

“தாராளமா வாங்கோ. பட்டத்தை அங்கயே வச்சிட்டு வாங்கோ.”

போனை அணைத்துவிட்டு ஞானமணி இடாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபத்துநான்காவது பெயருக்கு நேரே பதின்மூன்று கட்டங்கள், பதின்மூன்று பென்சில் குறிகள். பேத்தியின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். சுனோலில் நின்றவர் எழுபது டிகிரியில் வகுப்புக்கு எப்படி வந்திருப்பார்? பேனாவைத் திறந்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை, அவசரமில்லாத தன் பழைய கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனார். வரவில்லை. வரவில்லை. வரவில்லை.